52 வயசுல தொடங்கிய ஓட்டம்... மெக்டொனால்ட்ஸை உலகம் சுத்த வெச்ச ரே க்ராக்!

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போன உங்க ஃப்ரெண்ட் யாரையாவது கேட்டுப் பாருங்க. ஊர் புதுசு, பாஷை புரியாது, மெனு கார்டும் புரியாது. அந்த நேரத்தில் தூரத்தில் மஞ்சள் 'எம்' தெரிஞ்சா ஒரு நிம்மதி. என்ன கிடைக்கும், எப்படி இருக்கும்னு கதவைத் திறக்கும் முன்னாடியே தெரியும். அந்த நிம்மதியை வியாபாரமாக்கியவர் ரே க்ராக். ஆனால், மெக்டொனால்ட்ஸைத் தொடங்கியவர் அவர் இல்லை!

1902-ல், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார் க்ராக். முதல் உலகப்போர் நேரத்தில் வயதைக் கூட்டிச் சொல்லி, 15 வயதிலேயே செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் டிரைவர் பயிற்சிக்குப் போனார். கடல் தாண்டுவதற்குள் போரே முடிந்துவிட்டது. அப்புறம் பியானோ வாசித்தார், பேப்பர் கப் விற்றார். பிறகு, ஒரே நேரத்தில் 5 மில்க் ஷேக் போடும் மல்டிமிக்ஸர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்.

1954-ல் மெஷின் வியாபாரம் டல்லடித்த நேரம். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரே ஒரு கடை மட்டும் 8 மெஷின்கள் வாங்கியிருந்தது. என்னதான் நடக்குதுன்னு நேரிலேயே போய்ப் பார்த்தார். டிக், மேக் என்ற மெக்டொனால்ட் சகோதரர்களின் கடை அது. 1948-லேயே மெனுவைச் சுருக்கி, சமையலறையை ஃபேக்டரி மாதிரி மாற்றி, 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நீண்ட வரிசை!

அப்போது க்ராக்குக்கு 52 வயது. சர்க்கரை நோய், மூட்டுவலி வேறு. 'இனி என்ன, ரிட்டயர்டு லைஃப்தானே' என்று நாம் நினைக்கும் வயதில், கிளைகள் திறக்கும் உரிமையை வாங்கி, 1955 ஏப்ரல் 15-ல் டெஸ் பிளெய்ன்ஸில் முதல் கடையைத் திறந்தார். பர்கரின் எடை முதல் தரை துடைப்பதுவரை எல்லாவற்றுக்கும் ரூல்ஸ் போட்டார். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி இருக்கணும் என்பதுதான் அவர் பிடிவாதம்.

இந்த வெற்றிக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1961-ல் 27 லட்சம் டாலர் கொடுத்து சகோதரர்களிடமிருந்து மொத்தத்தையும் வாங்கினார் க்ராக். முதல் கடையை மட்டும் அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆனால், சொந்தப் பெயரை அதன் போர்டில் எழுத முடியாத நிலை. அருகிலேயே க்ராக் ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறக்க, கொஞ்ச வருஷத்தில் அந்தக் கடை மூடப்பட்டது. உழைப்பாளி என்று அவரைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கணும்.

அவரும் சறுக்கியிருக்கார். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்பதால், 1962-ல் அன்னாசித் துண்டும் சீஸும் வைத்து 'ஹுலா பர்கர்' கொண்டு வந்தார். சின்சினாட்டி கிளைக்காரர் மீன் பர்கரோடு போட்டிக்கு வர, ஜெயித்தது மீன்தான். தன் ஐடியா தோற்றாலும், ஜெயித்த மீன் பர்கரை மெனுவில் சேர்த்துக்கொண்டார் க்ராக்.

1967-ல் கனடா, 1971-ல் டோக்கியோவின் கின்ஸா என்று கடல் தாண்டியது அந்த மஞ்சள் 'எம்'. 1984 ஜனவரி 14-ல், 81 வயதில் க்ராக் இறந்தபோது, 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 7,500 கடைகள் இருந்தன. இந்தியாவுக்கு அது வந்தது 1996-ல். மாட்டிறைச்சியே இல்லாத மெனுவோடு!

இங்கேதான் நீங்க கவனிக்கணும். போர்டு ஒன்றாக இருந்தாலும் எல்லா நாட்டிலும் உணவு ஒன்றல்ல. க்ராக் காலத்து ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பொரிந்தது மாட்டுக் கொழுப்பில். 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறினாலும், அமெரிக்காவில் மாட்டிறைச்சி ஃப்ளேவர் தொடர்ந்தது. அது தெரியாமல் சாப்பிட்ட இந்துக்களும் சைவர்களும் 2001-ல் வழக்கு போட, அடுத்த வருஷமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலருக்கு சமரசம் பேசியது.

அதனால், சைவம் சாப்பிடுபவரோ மாட்டிறைச்சி தவிர்ப்பவரோ ஃப்ளைட் ஏறினால், அந்த நாட்டு மெனுவில் உள்ள 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியலை ஒருமுறை செல்போனில் பார்த்துடுங்க. மஞ்சள் 'எம்' தெரிஞ்ச நிம்மதி, சாப்பிட்டு முடிச்ச பிறகும் இருக்கணும்ல!