கால்நடை நோயின் மர்மத்தை உடைத்த டேவிட் புரூஸ்

மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன.

முதலில் காய்ச்சல் வரும். கண்ணில் நீர் வடியும். ரோமம் சிலிர்த்து நிற்கும். வயிற்றின் கீழே வீங்கும். மாடு நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் எலும்பும் தோலுமாய்ச் சாய்ந்துவிடும்.

தென் ஆப்பிரிக்காவில் ஜுலு மக்கள் வாழும் பகுதியில் இந்த நோய்க்கு நாகனா என்று பெயர். சோர்ந்து போதல் என்று அதற்குப் பொருள். அந்த மக்களுக்கு மாடுதான் சொத்து. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமும் மாடுதான். மாடு போனால் குடும்பமே தலை சாய்ந்தது போல.

1894-ம் ஆண்டு, நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி நேட்டால் கவர்னர் ஒருவரை அனுப்பினார். அவர் மாட்டு வைத்தியர் அல்ல. ராணுவ டாக்டர். பெயர் டேவிட் புரூஸ். அவருடைய மனைவி மேரியும் கூடவே புறப்பட்டார்.

மூட்டைக் கிடங்கில் வேலை

புரூஸ் 1855-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஐந்து வயதில் அவரை ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. மான்செஸ்டரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மனதை மாற்றிக் கொண்டு, மறுபடியும் படிக்கப் போனார். 1881-ல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1883-ல் மேரியை மணந்தார். மேரி ஒரு டாக்டரின் மகள். அதே ஆண்டு ராணுவத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு, மத்திய தரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கு மாற்றல் வந்தது.

அந்தத் தீவில் ஒரு பொல்லாத காய்ச்சல் இருந்தது. வந்தால் லேசில் விடாது. போனது போல் போய்த் திரும்பி வரும். சிப்பாய்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். சிலர் இறந்தார்கள். இறந்தவர்களின் மண்ணீரலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் புரூஸ். புள்ளி புள்ளியாக மிகச் சிறிய கிருமிகள் தெரிந்தன. அவற்றைத் தனியே வளர்த்துக் குரங்குக்கு ஊசி மூலம் செலுத்தினார். குரங்குக்கும் அதே காய்ச்சல் வந்தது! 1887-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

கிருமி அகப்பட்டுவிட்டது. ஆனால் அது மனிதன் உடம்புக்குள் எந்த வழியாக நுழைகிறது? அது தெரியாமலே புரூஸ் மால்டாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

மலை மேல் குடிசை

இனி ஆப்பிரிக்கா. நோய் பரவிய பகுதிக்கு மாட்டு வண்டியில் பல வாரம் பயணம். உபோம்போ என்ற மலை மேல் மண் பூசிய குடிசையில் தம்பதி குடியேறினார்கள். அதன் தாழ்வாரம்தான் ஆராய்ச்சிக் கூடம். கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவுவது, சாயம் ஏற்றுவது, மைக்ராஸ்கோப்பில் கண்டதைப் படமாக வரைவது எல்லாம் மேரியின் வேலை. அவர் இல்லாமல் அந்தத் தாழ்வாரத்தில் எதுவும் நடந்திராது.

நோயுற்ற மாட்டின் ரத்தத்தைப் பார்த்தபோது, மீன் குஞ்சு போல நெளிந்து ஓடும் ஒரு பிராணி தெரிந்தது. டிரிப்பனசோம் என்ற ஒட்டுண்ணி அது. இதைப் போன்ற ஒன்றை 1880-ம் ஆண்டிலேயே கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை டாக்டர், இந்தியாவில் சர்ரா நோய் கண்ட குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டிருந்தார்.

அது மாட்டுக்கு எப்படி வருகிறது? வெள்ளைக்காரர்கள், செட்சி என்ற ஈ கடித்து விஷம் ஏறுகிறது என்றார்கள். ஜுலு மக்களோ, காட்டு மிருகங்கள் மேய்ந்த புல்லைத் தின்பதால் வருகிறது என்றார்கள்.

மலை மேல் நோய் இல்லை. கீழே சமவெளியில்தான் நோய். ஆகவே புரூஸ் ஒரு காரியம் செய்தார். மலையில் இருந்த நல்ல கால்நடைகளின் வாயைக் கட்டிச் சமவெளிக்கு ஓட்டிப் போனார். ஒரு வாய் புல் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈ மட்டும் கடித்தது. அவற்றுக்கு நோய் வந்தது. அடுத்து, சமவெளிப் புல்லையும் தண்ணீரையும் மலைக்குக் கொண்டு வந்து கொடுத்தார். நோய் வரவில்லை. கடைசியில் ஈக்களையே கூண்டில் பிடித்து வந்து மலையிலே கடிக்க விட்டார். நோய் வந்தது!

அப்படியானால் ஜுலு மக்கள் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. காட்டெருமை, மான், கழுதைப்புலி என்று காட்டு மிருகங்களின் ரத்தத்தை எடுத்து நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அவற்றில் சில மிருகங்களின் ரத்தம் நாய்க்கு நாகனாவைக் கொடுத்தது. மிருகமோ ஒரு நோவும் இல்லாமல் திரிந்து கொண்டிருந்தது! அதன் ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியை ஈ எடுத்து மாட்டுக்குக் கொடுத்தது. இரண்டு தரப்பாரும் பாதி பாதி உண்மை சொல்லியிருந்தார்கள்.

ஒட்டுண்ணியை ஈ வெறுமனே சுமந்து வருகிறது என்றே புரூஸ் எண்ணினார். அது தவறு. ஈயின் உடம்புக்குள் அது வளர்ந்து மாறுகிறது என்பதை 1909-ல் கிளைன் என்ற ஜெர்மானியர் காட்டினார். புரூஸும் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டு மிருகம் நோயைத் தாங்கி நிற்கிறது என்பதைச் சாக்காக வைத்து, பின்னாளில் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெரிய கொடுமைதான்.

1903-ல் உகாண்டாவில் தூக்க நோய் மனிதர்களைக் கொன்றது. புரூஸ் அங்கே போனார். எந்த ஊரில் ஈ உண்டு, எந்த ஊரில் நோய் உண்டு என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தார். உள்ளூர்த் தலைவர்கள் ஈக்களைப் பிடித்து அனுப்பினார்கள். இரண்டு கணக்கையும் படத்தில் குறித்தபோது, ஈ இருந்த இடத்தில்தான் நோயும் இருந்தது.

வாசலில் கறந்த பால்

1904-ல் மால்டா காய்ச்சலை ஆராய ஒரு குழு அமைந்தது. தலைவர் புரூஸ். பல ஆண்டுக்கு முன் விட்டுப் போன கேள்வி மறுபடியும் வந்தது.

மால்டாவில் ஆடுகளை வீடு வீடாக ஓட்டி வருவார்கள். வாசலிலேயே பால் கறந்து கொடுப்பார்கள். அந்த ஆடுகளைப் பரிசோதித்தவர் குழுவில் இருந்த தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்ற மால்டா டாக்டர். ஆட்டின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை எடுத்துக் கிருமியோடு கலப்பார். கிருமிகள் திப்பி திப்பியாக ஒட்டிக் கொண்டால், அந்த ஆட்டை நோய் தொட்டிருக்கிறது என்று பொருள். 1905-ல் விடை வந்தது. தீவின் ஆடுகளில் ஏறக்குறைய பாதியை நோய் தொட்டிருந்தது. பத்தில் ஓர் ஆட்டின் பாலில் கிருமியே இருந்தது. ஆனால் ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன!

அதே ஆண்டு மால்டா ஆடுகளை ஏற்றிக் கொண்டு ஒரு கப்பல் அமெரிக்காவுக்குப் போயிற்று. வழியில் அந்தப் பாலைக் குடித்த கப்பல்காரர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படுத்தவர்கள், மறு ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். தீவு மக்களோ பழையபடி பாலை வாங்கிக் காய்ச்சாமல் குடித்தார்கள், காய்ச்சலும் நீடித்தது.

கிருமிக்குப் புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று பெயர் வைத்தார்கள். மாடுகளுக்கு வரும் கன்று வீச்சு நோயின் கிருமியும் இதே இனம்தான். ஆட்டைக் கண்டுபிடித்த சம்மித்தின் பெயர் அவ்வளவு பரவவில்லை.

கடைசி நாட்கள்

போயர் யுத்தத்தில் லேடிஸ்மித் நகரம் முற்றுகையில் சிக்கியபோது, புரூஸ் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தார். மேரி நர்சாகப் பக்கத்தில் நின்றார். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஜோடி பிரியவில்லை. 1908-ல் புரூசுக்கு சர் பட்டம் கிடைத்தது.

1931 நவம்பர் 23-ந் தேதி மேரி இறந்தார். அப்போது புரூஸும் நோயாய்ப் படுத்திருந்தார். தம்மைப் பற்றி யார் எழுதினாலும், மேரி செய்த வேலையையும் எழுத வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். நாலு நாள் கழித்து மேரிக்கு இறுதிச் சடங்கு நடந்தது. அது நடந்து கொண்டிருந்தபோதே புரூஸின் உயிரும் பிரிந்தது.