டாக்டர் ஹோமி பாபாவும் காலத்தின் கணக்கும்

செஞ்சியில் ராஜகிரியின் உச்சியில் நின்று ஒருவன் உள்ளங்கையை விரிப்பானாகில், ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று வீதம் ஓர் அணுத்துகள் அவன் அறியாமலே அக்கையை ஊடுருவிச் செல்லும். மியூவான் என்பது அதன் பெயர். ஆகாயத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் அத்துகளின் சராசரி ஆயுள், ஒரு விநாடியைப் பத்து லக்ஷம் கூறாக்கினால் அவற்றுள் 2.2 கூறு மாத்திரமே. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். ராஜகிரியின் உயரத்தைப் போல் மூன்று மடங்கும் ஆகாது. அங்ஙனமிருக்க, அது பூமியை வந்தடைவது எவ்வாறு? இதற்கு விடையைக் காட்டியவர் நமது தேசத்தவர் என்பதை நம்மவரில் அநேகர் அறியார்.

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வக்கீல், மகன் எஞ்சினீயராகி டாடா இரும்பாலையில் அமரவேண்டுமென்பது அவர் விருப்பம். (மகன்மார் விஷயத்தில் வக்கீல்களின் வாதம் வெல்வது அபூர்வம்.) 1927-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த பாபா எஞ்சினீயரிங் பரீக்ஷையில் முதல் வகுப்பில் தேறிவிட்டுப் பௌதிக சாஸ்திரத்திற்குத் திரும்பினார்.

ஐன்ஸ்டீன் 1905-இல் வெளியிட்ட ஸாபேக்ஷ சித்தாந்தம், காலம் யாவர்க்கும் ஒன்றே என்னும் எண்ணத்தைத் தகர்த்திருந்தது. ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே க்ஷணத்தில் தீபம் ஏற்றப்பட்டதாக நடுவே நிற்பவன் சாட்சி சொல்கிறான் என்று கொள்வோம். கிருஷ்ணகிரியை நோக்கி மகாவேகத்தில் பறப்பவனோ, ஒளி வந்து சேரும் நேரத்தைக் கழித்துப் பார்த்த பின்னரும், கிருஷ்ணகிரித் தீபமே முந்தியது என்பான். எந்த நியாயஸ்தலமும் இருவரில் ஒருவரைப் பொய்ச்சாட்சி என்று தள்ள இயலாது. ஓடும் கடிகாரம் நிற்பவனுக்கு மெதுவாகத் தோன்றுவதும் இச்சித்தாந்தத்தின் விளைவே. ஆனால் அத்தகைய வேகத்தில் ஓடும் கடிகாரத்திற்கு எங்கே போவது?

1938-இல், இருபத்தெட்டு வயதான பாபா 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய சிறு குறிப்பில் அதைக் காட்டினார். காஸ்மிக் கிரணங்களில் அப்பொழுது புதிதாகக் கண்ட கனமான துகள் தானே சிதைவதாயின், அச்சிதைவே ஒரு கடிகாரம்; துகள் விரைந்தோடினால் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றியே தீரும் என்றார். ஒளிவேகத்தில் நூற்றுக்கு 99.9 பங்கு வேகத்தில் வருவதன் ஆயுள் இருபத்திரண்டு மடங்காகும். 660 மீட்டர் ஏறக்குறைய 15 கிலோமீட்டராகிவிடும். துகளோடு கூடப் பயணம் செய்பவனுக்கோ ஆயுள் மாறுவதில்லை. ஆகாயமே 670 மீட்டராகச் சுருங்கிவிடும். 1941-இல் ராஸி, ஹால் என்னும் இருவர் அமெரிக்காவில் மலைமீதும் கீழேயும் துகள்களை எண்ணி, வேகம் மிக்கவை மெதுவாகவே சிதைவதை நிரூபித்தனர். பாட நூல்கள் அவ்விருவரைப் பேசுகின்றன. பாபாவின் பெயரை அங்கே காண்பது அரிது. இது நியாயமன்று.

1939-இல் விடுமுறைக்குத் தாய்நாடு வந்தவரை யுத்தம் திரும்பவிடவில்லை. ராமன் பௌதிகப் பகுதியை நடத்திவந்த பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் காஸ்மிக் கிரண ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1945-இல் டாடா ஆராய்ச்சி நிலையம். 1948-இல் அணுசக்திக் கமிஷன். அணுசக்தி நிர்வாகியாகவே ஜனங்கள் அவரை நினைக்கின்றனர். அந்த நிர்வாகம் எத்தனை குறிப்புகளை விழுங்கியதோ! 1966 ஜனவரி 24-இல் மோன் பிளான் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் ஐம்பத்தாறாம் வயதில் மாண்டார்.

அவர் நிறுவிய நிலையத்தின் கருவிகள் உதகமண்டலத்தில் மியூவான்களை எண்ணி வருகின்றன.