பூஜை அறையில் ஓர் ஓவியர்

பாட்டி தினமும் பூ வைத்த லக்ஷ்மி படத்தை வரைந்தவர் யார் என்று பேரன் கேட்டதும் விழித்தேன். படத்தின் அடியில் பொடி எழுத்தில் விடை இருந்தது: ரவிவர்மா.

1848-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் பிறந்தவர். 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். மன்னர்கள் போற்றிய ஓவியர், அரண்மனையோடு நிற்கவில்லை. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களைச் சாமானியருக்கும் எட்டச் செய்தார். கோயிலுக்குள் நாம் அனுமதிக்காதவர்களின் வீடுகளிலும் லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் எழுந்தருளினர். அச்சகமோ கடனில் மூழ்கியது; ஜெர்மானியர் ஒருவருக்கு விற்றுவிட்டார். 1906-ல் காலமானார்.

எழுபது வருஷம் நமஸ்கரித்த படம். வரைந்தவரை இன்றுதான் அறிந்தேன். உங்கள் அகத்துப் படத்தின் அடியிலும் பாருங்களேன்.