பட்டாணித் தோட்டத்துத் துறவி

கண்ணும் மூக்கும் தாயைப் போல, குணம் பாட்டியைப் போல என்று வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சுக்குள் ஒரு விதி ஒளிந்திருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. அவரே மரபியலின் தந்தை கிரிகோர் மெண்டல்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், இன்று செக் குடியரசில் உள்ள ஒரு சிற்றூரில், 1822-ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் யோகான் மெண்டல் பிறந்தார். 1838-இல் மரம் விழுந்து தந்தை பலத்த காயமுற்றார். குடும்பம் வறுமையில் வாடியது. மகனின் படிப்பு நின்றுவிடும் நிலை. அப்போது தங்கை தெரேசியா, தனக்கெனச் சேர்த்து வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். சீதனம் என்றாலே கண்ணீர்க் கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, அது அறிவு விளக்கை ஏற்றிய கதை இது. பின்னாளில் அவளுடைய பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மெண்டல் நன்றிக்கடன் தீர்த்தார்.

1843-இல் பிர்னோ நகரிலுள்ள அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்து, கிரிகோர் என்னும் பெயர் பெற்றார். 1847-இல் குருவானார். ஆசிரியராகும் தகுதித் தேர்வை 1850-இல் எழுதித் தோற்றார். வியன்னா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1856-இல் மீண்டும் முயன்றார். அப்போதும் வெற்றி கிட்டவில்லை. ஆனால் அதே ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, காத்திருந்தது!

பீன்ஸ் செடிகளில் மட்டும் ஒரு புதிர் எழுந்தது. வெள்ளைப் பூச்செடியையும் செவ்வூதாப் பூச்செடியையும் கலந்தபோது, அடர்ந்த நிறம் முதல் வெண்மை வரை பல சாயல்கள் தோன்றின. ஒரே நிறத்தைப் பல காரணிகள் சேர்ந்து உண்டாக்கலாம் என்று அவர் எண்ணினார்.

1865-இல் தம் முடிவுகளை அறிஞர் கூட்டத்தில் வாசித்தார்; மறு ஆண்டு அச்சாயின. எவரும் அவற்றின் அருமையை உணரவில்லை. 1868-இல் மடாதிபதியானபின் நிர்வாகச் சுமையும் வரித் தகராறும் அவர் நேரத்தை விழுங்கின. 1884-ஆம் ஆண்டு சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று சிறுநீரக நோயால் இறைவனடி சேர்ந்தார். 1900-இல்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

பீன்ஸ் பூவின் புதிருக்கும் விடை கிடைத்தது. சிறு சிறு காரணிகள் பல கூடியே உயரம் போன்ற பண்புகள் அமைகின்றன என்பதை 1918-இல் ரொனால்டு ஃபிஷர் கணிதத்தால் விளக்கினார். இன்று கல்லீரல் நோயை ஆராய்பவர்களும் இவ்வழியே நடக்கிறார்கள். கல்லீரலில் கொழுப்புச் சேரத் துணைபோகும் ஒரு மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அது ஒன்றே நோயை முடிவு செய்வதில்லை. வேறு பல மரபணுக்களும் உணவும் உடல் எடையும் மதுவும் அதில் பங்கு கொள்கின்றன. ஆகவே பிறப்பிலேயே எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று நாம் சோர வேண்டியதில்லை.

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே உலகம் முடிந்ததென்று அழுகிறோம் நாம். இருமுறை தோற்றவர்தான் இன்று நம் அறிவியல் பாடத்தில் நிற்கிறார். அவருடைய பொறுமையைக் கற்போம். அவருக்குக் கைகொடுத்த தங்கை தெரேசியாவையும் மறவாதிருப்போம்.