பூசபாடி இல்லத்துக் குமாரசாமி ராஜா

விஜயநகரப் பேரரசின் கொடி தெற்கே பரவிய நாள்களிலும் அதன் பின்னரும் தெலுங்கு நாட்டினின்றும் பெயர்ந்து வந்த ராஜு குடியினர், மதுரை நாயக்கர் ஆட்சியில் படைத்தொழில் புரிந்து, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் நிலைகொண்டனர். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்று இராசபாளையத்தின் பகுதிப் பெயர்களிலேயே அப்பழைய படைவீடு ஒளிந்திருக்கிறது. வாளை வைத்துவிட்டு ஏரைப் பற்றிய குடி அது. வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ், அடுத்திருந்த திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் என்று மூன்றையும் ஒரு குறையுமின்றித் தமதாக்கிக் கொண்டனர்.

அக்குடியில் பூசபாடி என்னும் இல்லப்பெயர் கொண்ட நிலக்கிழார் சஞ்சீவி ராஜாவின் மகனாக, 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் பிறந்தவர் குமாரசாமி ராஜா. விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரம் சமஸ்தானத்து மன்னர்களின் இல்லப்பெயரும் இதுவே. பிறந்த எட்டாம் நாள் தாய் மறைந்தார். மூன்றாம் வயதில் தந்தையும் போனார். நிலமும் வீடும் இருந்தன. அவற்றை நிறைக்க வேண்டிய இருவர் இல்லை. பாட்டியாரின் அரவணைப்பே அவரை வளர்த்தது. செல்வக் குடியில் தனித்து நின்ற பிள்ளைகள் கெட்டழிந்த கதைகள் நம் பக்கத்தில் ஏராளம். இவர் அப்படிப் போகாததற்கு அப்பெயர் தெரியாத மூதாட்டிக்கே முதல் வணக்கம் உரியது.

அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சிக் குரல் இளமையில் அவரை அரசியலின் பக்கம் திருப்பியது. சத்தியமூர்த்தியின் பேச்சும் காந்தியடிகளின் வாழ்வும் அவரை அங்கேயே நிறுத்தின. 1927 அக்டோபரில் காந்தியடிகள் கதர்ப் பயணமாக இராசபாளையத்துக்கே வந்தார். பருத்தி விளையும் கரிசல் நிலத்தில் இராட்டைக்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை. 1934இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதியின் சார்பில் மத்திய சட்டசபைக்கும், 1937இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியபோது, காமராசரின் ஆதரவோடு ஏப்ரல் 6ஆம் நாள் பிரதம அமைச்சரானார் ராஜா. 1950 ஜனவரி 26இல் குடியரசு மலர்ந்ததும் அப்பதவியே முதலமைச்சர் பதவியாயிற்று. மாகாணத்தின் கடைசிப் பிரதமரும் மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் ஒருவரே என்பது எளிதில் வாய்க்கும் பேறன்று; எளிய சுமையுமன்று. தமிழகம், ஆந்திரம், மலபார், தென்கன்னடம் அனைத்தும் சேர்ந்த அந்நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் மக்கள். அரிசி போதாது; பங்கீட்டுக் கடையில் வரிசை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைச் செயற்படுத்தும் பணியும் அவர் கைக்கு வந்தது. சேத்தூர் ஜமீனுக்கு அருகே நிலக்கிழாராய் வளர்ந்தவர் ஜமீன்களைக் கலைக்கும் அரசுக்குத் தலைமை தாங்கினார்.

இதைவிடக் கடினமான சோதனை மொழியால் வந்தது. ஆந்திரப் பிரிவினை பற்றி ஆராய 1949இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். சொத்து, கடன், சென்னை நகரம் என்று ஒரு வீட்டைப் பாகம் பிரிப்பது போன்ற வேலை. தாய்மொழியால் தெலுங்கர், பிறந்த மண்ணால் தமிழர். இரு சாராரும் அவரைத் தம்மவர் எனலாம், இரு சாராரும் ஐயுறலாம். சென்னை நகர் குறித்துப் பிரகாசம் மாறுபட்டார், பிரிவினை நின்றது. பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர் போன பின்னரே, 1953 அக்டோபர் முதல் நாள், ஆந்திரம் பிறந்தது.

மென்மையானவர் என்றே அவரைப் பலரும் நினைவுகூர்வர். ஆயினும் அவருடைய அரசு மென்மையானதாக இல்லை. கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். புகழுரைகளில் இந்நாள் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது, விடத் தகாதது. அரசியல் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் முதலில் படிக்கும் வழக்குகளான ஏ. கே. கோபாலன், ரமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன், வி. ஜி. ராவ் ஆகிய நான்கிலும் எதிரே நிற்பது ஒரே பெயர்: சென்னை அரசு. தாப்பரின் ஏட்டைத் தடுத்த ஆணையும் செண்பகம் வழக்கில் வகுப்புவாரி ஆணையும் உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்தன. அவற்றின் விளைவாகவே 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பேச்சுரிமைக்கு எல்லை கூடியதும், பிற்பட்டோர்க்கான தனி ஏற்பாடுகளுக்கு வழி பிறந்ததும் அந்த ஒரே திருத்தத்தில்தான். முன்னதை இழப்பென்றும் பின்னதை ஈட்டமென்றும் கொள்வோர் இரண்டுக்கும் வேர் இவர் ஆட்சிக்காலத்தில் உண்டென்பதை மறக்கலாகாது.

1952 தேர்தலில் திருவில்லிபுத்தூரில் நின்று தோற்றார். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. அமைச்சர்கள் பலரும் வீழ்ந்தனர். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என மக்கள் போற்றும் கோபுரத்தையே இலச்சினையாகக் கொண்ட அரசின் தலைவர், அக்கோபுரத்தின் நிழலிலேயே தோற்றார். இராஜாஜி முதல்வரானார், அதே ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிப் பெயர் பெற்றார். முந்தியவரின் காலத்துப் பஞ்சம் முந்தியவரின் கணக்கிலேயே நின்றது.

1954இல் ஒரிசாவின் ஆளுநரானார். 1956வரை அப்பொறுப்பில் இருந்தார். 1957 மார்ச்சில், அறுபது நிறையுமுன், மறைந்தார்.

இராசபாளையம் என்றதும் வேட்டைநாயையும் மாம்பழத்தையும் நூலாலையையும் சொல்லுவோர் ஒன்றை விட்டுவிடுகின்றனர். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு எஞ்சியது வீடு. அவ்வீட்டைக் குமாரசாமி ராஜா ஊருக்கே எழுதி வைத்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று.