செல்ப் அடிச்சா வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகுது? – சார்லஸ் கெட்டரிங்கின் கதை

நம்ம காலேஜ் பார்க்கிங்ல தினமும் சாயங்காலம் ஒரு சத்தம் கேட்கும். யாரோ ஒருத்தர் பழைய வண்டியை வச்சுக்கிட்டு கிக்கரை உதைச்சுக்கிட்டே இருப்பார். பக்கத்துல ஒரு கூட்டம் நின்னு "பிளக்கை கழட்டிப் பாரு", "சோக் போடு"ன்னு ஆளுக்கொரு ஐடியா சொல்லும். அந்தக் கூட்டம் தேடுகிற பழுதில் பாதி, ஒரே மனிதர் வடிவமைத்த சிஸ்டத்துக்குள்ளதான் இருக்கு. அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ட்ரிபிள் ஈ படிக்கிறவங்க இவரைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். அரியர் வச்சிருக்கிறவங்க இன்னும் கண்டிப்பா!

கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லௌடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் கெட்டி, ஆனால் கண் பார்வை மோசம். கொஞ்ச நேரம் புத்தகம் படித்தாலே தலைவலி வந்துவிடும். சில வருடம் கிராமப் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு காலேஜில் சேர்ந்தார். கண் பிரச்சினையால் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் என்ன செய்தார் தெரியுமா? டெலிபோன் கம்பெனியில் கம்பம் நட்டு லைன் இழுக்கும் வேலை. அதில்தான் மின்சாரம் அவருக்குப் பிடித்துப்போனது. திரும்பவும் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போனார். கூடப் படித்தவர்கள் புத்தகத்தை வாசித்துக் காட்ட, இவர் கேட்டே படித்தார். 1904-ல் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கும்போது வயது 28-ஐ நெருங்கியிருந்தது. நாலு வருஷத்துல முடிக்காதவங்களுக்கு எதிர்காலமே இல்லைன்னு யாராவது சொன்னா, இவர் பேரைச் சொல்லுங்க.

முதல் வேலை டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். அப்போது கடைகளில் இருந்த கல்லா மெஷினைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு ஒரு மோட்டார் பொருத்துவதுதான் இவருடைய வேலை. பெரிய மோட்டார் வைத்தால் மெஷினில் இடம் பத்தாது. கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். கல்லா மெஷின் நாள் முழுக்கவா ஓடப்போகிறது? ஒரு நொடி சுற்றும், நின்றுவிடும். அந்த ஒரு நொடிக்கு மட்டும் சின்ன மோட்டாரில் அதன் சக்திக்கு மீறி கரண்ட் கொடுத்தால் போதும். மோட்டார் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இந்தப் பாயிண்டை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.

கம்பெனியில் கூட வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. ஆபீஸ் முடிந்ததும் கெட்டரிங்கும் இன்னும் சிலரும் அங்கே கூடி கார்களில் வேலை பார்த்தார்கள். முதலில் கையில் எடுத்தது இக்னிஷன். பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர் இவை சேர்ந்த அமைப்புக்கு இன்றும் கெட்டரிங் இக்னிஷன் என்றுதான் பெயர். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். கேம் பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் சட்டென்று அறுபடும். காயிலில் இருந்த காந்தப்புலம் சரிந்து, பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். 1909-ல் காடிலாக் கம்பெனி இதை ஆர்டர் செய்தது. கெட்டரிங் வேலையை விட்டார். அந்தக் கொட்டகைக் குழுதான் டெல்கோ என்ற கம்பெனி ஆனது.

அடுத்தது கிராங்க். அன்றைக்குக் காரின் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் இன்ஜின் ஓடும். சுற்றுவதற்கு முன்னால் ஒரு லீவரைத் தள்ளி ஸ்பார்க் டைமிங்கைத் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் பிஸ்டன் மேலே வரும் முன்பே ஸ்பார்க் அடித்து, இன்ஜின் எதிர்ப்பக்கம் உதறும். ஹேண்டில் திரும்பி அடித்தால் மணிக்கட்டு போச்சு. பாயிண்ட் வைத்த பழைய புல்லட் ஓட்டியவர்களிடம் கேளுங்க, கிக்கர் திருப்பி அடிக்கிற வலியைச் சொல்வாங்க. வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரை ஸ்டார்ட் பண்ணப் போன நண்பர் கிராங்க் அடித்து இறந்ததால்தான், காடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் இதற்கு ஒரு முடிவு கட்டச் சொன்னார் என்று ஆட்டோமொபைல் வரலாற்றில் ஒரு கதை சொல்வார்கள்.

இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வைத்தால் மோட்டாரும் பேட்டரியும் காரையே அடைத்துவிடும் என்பதுதான் அன்றைய பொதுவான கணக்கு. கெட்டரிங்குக்குக் கல்லா மெஷின் ஞாபகம் வந்தது. இன்ஜினையும் சில நொடிகள்தானே சுற்ற வேண்டும்? சின்ன மோட்டார், பெரிய கியர் விகிதம், கொஞ்ச நேர ஓவர்லோட். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். 1912 மாடல் காடிலாக்கில் செல்ப் ஸ்டார்ட்டர், லைட், இக்னிஷன் மூன்றும் ஒரே சிஸ்டமாக வந்தன. கையில் பலம் இருந்தால்தான் கார் ஓட்டலாம் என்ற நிலைமை மாறியது. பெண்கள், வயதானவர்கள் என யாரும் தனியாக வண்டியை எடுக்க முடிந்தது.

பழைய வண்டி ஸ்டார்ட்டிங் டிரபிள் கொடுத்தா இந்த ஒற்றை சிஸ்டம் விஷயம் உதவும். அம்பாசடரையே எடுத்துக்கோங்க. செல்ப் மெதுவா சுத்துதா, ஹெட்லைட் டிம் ஆகுதா? பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்க. பேட்டரி வீக்கா இருந்தா செல்ப் மட்டும் இல்ல, சுத்துற நேரத்துல காயிலுக்குப் போற வோல்டேஜும் குறையும், ஸ்பார்க்கும் சோனியாகும். செல்ப் நல்லா சுத்தியும் பிடிக்கலையா? பாயிண்ட் கேப்பையும் கருகலையும் பாருங்க. பாயிண்ட்ல நெருப்பு பறந்தா கண்டென்சர் மேல சந்தேகப்படுங்க. ஸ்பார்க் நீலமா, பளிச்சுனு இருந்தா அப்புறம்தான் கார்புரேட்டர்ல கை வைக்கணும். முதல்ல கரண்ட், அப்புறம் ஸ்பார்க், அப்புறம் பெட்ரோல்.

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு ஹீரோ கதை. ஆனா மீதியையும் சொல்லணும்.

அந்தக் காலத்தில் இன்ஜின்களில் நாக்கிங் சத்தம் பெரிய தலைவலி. பழி கெட்டரிங்கின் இக்னிஷன் மேல் விழுந்தது. அவரும் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் சிலிண்டரில் ஒரு ஜன்னல் வைத்து உள்ளே எரிவதைப் பார்த்தார்கள். குற்றம் ஸ்பார்க்கில் இல்லை, ஸ்பார்க் அடித்த பிறகு எரிபொருள் எரியும் விதத்தில் இருந்தது. அருமையான டயக்னாசிஸ்! ஆனால் 1921 டிசம்பரில் அவர்கள் கண்டுபிடித்த மருந்து, பெட்ரோலில் ஈயம். டெட்ரா எத்தில் லெட். எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பதை இதே குழு ஆராய்ந்து தெரிந்து வைத்திருந்தது. ஈயம் மலிவு, கொஞ்சம் போதும், பேடன்ட் எடுக்கலாம். ஈயம் விஷம் என்பதும் தெரியாத விஷயம் இல்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது அந்தப் பெட்ரோலை விற்ற எத்தில் கம்பெனியின் தலைவர் கெட்டரிங். சிறிது காலம் விற்பனை நின்றது, திரும்பவும் தொடங்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது. நம்ம அப்பா அம்மா சின்ன வயசுல சுவாசிச்ச காத்துல அந்தக் கொட்டகைக்காரர்களின் ஈயமும் இருந்தது.

கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தார். காற்றால் குளிரும் செம்பு இன்ஜின் வைத்த ஷெவர்லே 1923-ல் படுதோல்வி அடைந்து திரும்பப் பெறப்பட்டபோது, ராஜினாமா செய்யும் அளவுக்கு மனம் உடைந்தார். பிறகு ரயில்களுக்கான டீசல் இன்ஜினில் வென்றார். 1945-ல் ஆல்ஃப்ரட் ஸ்லோனுடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1958 நவம்பர் 25 அன்று காலமானார். கணக்கில் 186 பேடன்ட்கள்.

மணிக்கட்டுகளைக் காப்பாற்றியதும் காற்றில் ஈயம் கலந்ததும் ஒரே மூளைதான். அதனால அவரைக் கும்பிடவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். பழுதைக் கண்டுபிடிக்கிறதுக்கு நமக்கு லேப்ல மார்க் போடுறாங்க. நாம போடுற மருந்து யார் மூச்சுக்குள்ள போகும்னு கேட்கிறதுக்கு எந்த லேப்லயும் மார்க் கிடையாது. அடுத்த மாசம் பிராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போறப்போ, அந்தக் கேள்வியையும் ஒரு ஸ்லைடா வச்சுட்டுப் போங்க.