வங்கி வேலையை விட்டு மலையேறியவர்



நம் நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் நம் பிள்ளைகளுக்கு முதல் மலை. அதனாலோ என்னவோ, கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போனால் நாம் தவறாமல் பட அட்டைகள் வாங்கி வருவோம். முன்னால் ஒரு மரம், நடுவில் ஏரி, பின்னால் மலை. இப்படிப்பட்ட படங்களை இந்தியாவில் பெயர்பெறச் செய்தவர்களில் முதன்மையானவர் சாமுவேல் போர்ன். அவரும் என்னைப் போல ஒரு வங்கி குமாஸ்தா என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போர்ன் 1834ல் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நாட்டிங்காம் நகரில் வங்கி வேலை. ஓய்வு நேரத்தில் புகைப்படம். 1862ல் லண்டன் கண்காட்சியில் அவர் படங்களுக்கு நல்ல பெயர் கிடைத்ததும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு 1863ல் கல்கத்தா வந்து இறங்கினார். அங்கிருந்து சிம்லா சென்றார். மறு ஆண்டே சிம்லா ஆங்கிலேயரின் கோடைத் தலைநகரானது. படம் வாங்க ஆளுக்குக் குறைவில்லை. சார்லஸ் ஷெப்பர்டுடன் கூட்டுச் சேர்ந்து அவர் வளர்த்த நிறுவனம்தான் புகழ்பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு.

இன்று நாம் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடுகிறது. அன்று 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். கேமரா, கண்ணாடிப் பெட்டிகள், மருந்துப் புட்டிகள், கூடாரம் எல்லாம் ஆள் தலையிலும் முதுகிலும்தான் ஏறின. 1863, 1864, 1866 என்று மூன்று முறை இமயமலைக்குள் போனார். முதல் பயணத்தில் சுமார் 30 சுமைதூக்கிகள், கடைசிப் பயணத்தில் 80 பேர். அந்தப் பயணத்தில் 18,600 அடி உயர மணிரங் கணவாயில் படம் எடுத்தார். நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு உயரத்தில் எடுத்த படம் என்ற பெருமை சுமார் 20 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. பிறகு தெற்கே வந்து ஊட்டியையும் எடுத்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு சரியாகாது. பனியிலும் பசியிலும் சுமைதூக்கிகள் சிலர் ஓடிப்போனார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துத் தடியால் அடித்ததை அவரே புகைப்பட இதழுக்கு எழுதிய கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். படத்தின் அடியில் போர்ன் பெயர் இருக்கிறது. கண்ணாடி உடையாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.

பின்னர் அவர் ஊர் திரும்பினார். நாட்டிங்காமில் பஞ்சு நூல் முறுக்கும் ஆலை நடத்தி, நீதிபதிப் பதவியும் வகித்து, 1912ல் காலமானார். நம் நாட்டில் காலணா அஞ்சலட்டை வந்ததே 1879ல்தான். பட அஞ்சலட்டை அதற்கும் பின்னால். ஆனால் அந்த அட்டைகளில் மலையூர்களைக் காட்டிய விதம் பெரும்பாலும் அவர் காலத்துப் படங்களின் வழிதான். கல்கத்தா ஸ்டுடியோவில் 1991ல் தீப்பிடித்துப் பழைய படங்கள் ஏராளமாக அழிந்தன. 2016ல் கடையையும் மூடிவிட்டார்கள்.

2001 வாக்கில் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது, நானும் படிவத்தை வாங்கி வந்து மேசை டிராயரிலேயே வைத்திருந்து, கடைசி நாள் கடந்த பிறகு கிழித்துப் போட்டவன். அதில் எனக்கு வருத்தமில்லை; இரண்டு பிள்ளைகளின் படிப்பு அதில்தான் நடந்தது. என்றாலும் போர்னின் துணிச்சலை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு அலமாரியில் பழைய ஊட்டி அட்டையோ, சுற்றுலாப் படமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு, யார் எடுத்தது, யார் யார் நிற்கிறார்கள் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். வண்டி ஓட்டி வந்தவர், சமைத்துப் போட்டவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நமக்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.